நகல்: மாநில அலுவலகத்துக்கு

விதி தெளிவாக இருக்கிறது. காது கேளாத மாணவர் ஒருவர் சாதாரண வகுப்பில் சேர்ந்து படித்தால், தகுதிச் சான்றிதழ் பெற்ற சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் பாட நேரத்தில் அவர் அருகில் இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைப் பள்ளி நிர்வாகம் இயன்றவரை விரைவில் செய்து தர வேண்டும். சுற்றறிக்கையின் நான்காவது பத்தி இது. ‘இயன்றவரை விரைவில்’ என்பதை மலாய் மொழியில் நானே எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு வேலைக்கு நாள் குறிக்க யாருக்கும் துணிச்சல் இல்லாதபோது நாங்கள் அதைப் போடுவோம்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன் நான். இப்போது மலாக்காவில், ஜாசின் பக்கத்துப் பெம்பானில், தாமான் என்கிற வரிசைவீட்டுக் குடியிருப்பு ஒன்றில் கடைசி வீடு. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் விண்ணப்பப் பாரம் நிரப்ப, கடிதம் எழுத என்று ஆட்கள் வருவார்கள். நான் அரசாங்க ஊழியன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக ஒரு நாளும் இருந்ததில்லை. இருந்தும் எல்லோருக்கும் நான் ‘கிராணி ஐயா’தான். திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வருகிற கடிதங்களில் பதிக்க ஜாசினில் ஒரு தேதி முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். ‘பெறப்பட்டது’ என்று மலாயில் இருக்கும். நடுவில் தேதிச் சக்கரம். ஓய்வு பெற்றவன் வீட்டில் எதற்கு முத்திரை என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று பேர் வந்தார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் டிரைவர் ஒருவர். அவருடைய மகள், பள்ளியின் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவம் படிக்கிற பெண், பிறவியிலிருந்தே காது கேளாதவள். கூடவே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஜாசினில் அந்தப் பெண் பிள்ளை படித்த இடைநிலைப் பள்ளியின் கேண்டீனில் அவர் வேலை செய்தார். பள்ளியில் எல்லோருக்கும் ‘கேண்டீன் அக்கா’.

“கிராணி ஐயா, ஒரு சூராட் எழுதணும் லா,” என்றார் லாரிக்காரர்.

“யாருக்கு?”

“அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?”

விஷயத்தைக் கேண்டீன் அக்காதான் சொன்னார். அவருடைய தம்பி காது கேளாதவர். விடுதியில் தங்கிச் சைகைமொழியில் படித்தவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்கும் கற்றுக்கொடுத்தார். வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேண்டுமே. இந்தப் பெண் முதல் படிவத்தில் சேர்ந்த ஆண்டு, சைகை தெரிந்த ஒரே ஆசிரியை மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு நாள் கேண்டீனில் பிள்ளை மீ கோரெங் வாங்க வரிசையில் நின்று கைகாட்டித் தவித்தபோது, இவர் கல்லாவுக்கு அந்தப் பக்கமிருந்து கையாலேயே பதில் சொல்லியிருக்கிறார். அன்றே தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

அதன் பிறகு நான்கு ஆண்டுகள். காலையில் சமையல் வேலை. மணி அடித்ததும் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வகுப்பின் முன்வரிசையில் ஒரு நாற்காலி. இடைவேளைக்கு மறுபடி கல்லா. பிறகு மறுபடி நாற்காலி. கேண்டீன் குத்தகைக்காரர் ஒத்துக்கொண்டார். ஆசிரியர்கள் பழகிக்கொண்டார்கள். எந்தத் தாளிலும் எதுவும் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் அவர் கேண்டீன் உதவியாளர், அவ்வளவுதான்.

“சரி, இப்ப என்ன பிரச்சினை?” என்றேன்.

லாரிக்காரர் சிரிக்கத் தொடங்கினார். “சுல்தானுக்கும் வெள்ளக்காரனுக்கும் நிச்சயதார்த்தம் நடந்திச்சாம் ஐயா. சரித்திரப் பேப்பர்ல எழுதி வச்சிருக்கா. டீச்சர் சிவப்புப் பேனாவுல இம்மாம் பெரிய கேள்விக்குறி.”

“சிரிக்காதீங்கண்ணே,” என்றார் கேண்டீன் அக்கா. “தப்பு அவளுது இல்ல. ஒப்பந்தத்துக்குச் சைகை எனக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் பேசி முடிக்கிறதுன்னு கல்யாணப் பேச்சு மாதிரி காட்டிட்டேன். நாலு வருசமா இப்படி எத்தன தப்பு போயிருக்கோ.” பிறகு என்னைப் பார்த்தார். “ஐயா, எனக்குப் படிக்கணும். வார கடைசியில கோலாலம்பூர்ல கோர்ஸ் நடக்குதாம். மொத நிலை, ரெண்டாம் நிலை, அப்புறம் பரீட்சை. இவ வருச கடைசியில எஸ்.பி.எம். பரீட்சை எழுதுறதுக்குள்ள பாதியாவது கத்துக்கிட்டா போதும்.”

“உங்க எஸ்.பி.எம்.?”

“பாஸ். ஆனா மலாய்ல சும்மா பாஸ்தான், கிரெடிட் மார்க் இல்ல. கோர்ஸ்ல சேர கிரெடிட் வேணும்னு சொல்லிட்டாங்க. அந்த வருசம் எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தாங்க. நான் பரீட்சைக்குப் போனதே பெருசு.”

பெண் பிள்ளை இதையெல்லாம் கேண்டீன் அக்காவின் கையிலிருந்து படித்துக்கொண்டே இருந்தாள். பேச்சு நின்ற இடத்தில் என் மேசையில் இருந்த முத்திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வலது கையை முட்டியாக மடக்கி இடது உள்ளங்கையில் ஒரு குத்து குத்தினாள்.

“உங்களுக்குப் பேர் வச்சிட்டா,” என்றார் கேண்டீன் அக்கா. “இனிமே நீங்க இதுதான்.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நடைமுறைகள் தெரிந்தவனுக்கு அந்தக் கோரிக்கை கடினமானதல்ல. அதே சுற்றறிக்கையின் ஏழாவது பத்தியில், பள்ளியில் ஏற்கெனவே அப்பணிக்கு உதவி வருபவர் என்றால் கல்வித் தகுதியில் விலக்கு அளித்துப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று இருக்கிறது. அதை அங்கே யாரும் படித்திருக்கவில்லை. நான் படித்திருந்தேன். தலைமையாசிரியர் எழுத்தில் எதுவும் தர விரும்பவில்லை என்று லாரிக்காரர் சொன்னார். “நல்லாதானே போயிட்டிருக்கு, விடுங்க லான்னு சொல்றாரு ஐயா.” தாளுக்குப் பயப்படுகிற தலைமையாசிரியர்களை நான் நிறையப் பார்த்தவன். தகப்பன் பெயரில் மாவட்ட அலுவலகத்துக்கு நேராக எழுதலாம் என்றேன். அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தபால் ஒழுங்காக வராது என்பதால் பதிலுக்கு என் வீட்டு முகவரியைக் கொடுத்தேன்.

நல்ல கடிதம் அது. இன்றும் அப்படித்தான் சொல்வேன். முதல் பத்தியில் விதி. இரண்டாவதில் மாணவியின் நிலை. மூன்றாவதில், அவசரம் புரிய வேண்டுமே என்று, ‘மேற்கண்டவர் கடந்த நான்கு ஆண்டுகளாகச் சான்றிதழோ முறையான பயிற்சியோ இன்றி வகுப்பறையில் இப்பணியைச் செய்து வருகிறார்’ என்று எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே, நான் வேலையில் இருந்த காலமெல்லாம் பழகிய வரி: நகல், மாநில அலுவலகத்துக்கு.

அந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாவட்ட அலுவலகத்துக்கு மட்டும் போகிற கடிதம் தூங்கும். மேலிடத்துக்கு ஒரு நகல் போனால், கீழே இருப்பவர் அதைத் தூங்க வைக்க முடியாது. இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. நான் தூங்க வைத்த கடிதங்களிலிருந்து நானே கற்றுக்கொண்டது. இளைய குமாஸ்தாக்களுக்கு நகல் வரி போடுவதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறேன்.

பதினோரு நாளில் உத்தரவு வந்தது. மாநில அலுவலகம் அவ்வளவு வேகமாக எதையும் செய்து என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை. பயிற்சியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அது ‘தனியே பரிசீலிக்கப்படும்’. பள்ளிப் பணியாளர் அல்லாத, சான்றிதழ் இல்லாத வெளியாட்கள் பாட நேரத்தில் வகுப்பறைக்குள் இருக்கக் கூடாது. இந்த நடைமுறை உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் போட்ட விதி. சரியான விதி. அதையும் நான் தட்டச்சு செய்திருக்கிறேன்.

மாவட்ட அலுவலகத்தில் இப்போது அதிகாரியாக இருப்பவர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே இருந்த தம்பி. அன்று சாயந்திரமே கூப்பிட்டார்.

“அண்ணே, நகல் ஏன்ணே போட்டீங்க?”

“போடலன்னா நீ மேசையில வச்சிருப்பே.”

“ஆமா, வச்சிருப்பேன். வருசம் பூரா வச்சிருப்பேன். அந்தப் பொண்ணு அஞ்சாம் பாரம், பரீட்சை எல்லாம் முடிச்சிருக்கும்.”

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“எனக்கு எல்லாம் தெரியும்ணே. கேண்டீன் அக்காவ ஜாசின்ல யாருக்குத் தெரியாது? எழுத்துல இல்லாத வரைக்கும் எனக்குக் கண்ணு தெரியாம இருந்திச்சு. நீங்க வெளக்கப் போட்டுட்டீங்க.”

“விலக்குப் பத்தி இருக்கேப்பா. ஏழாவது.”

“இருக்கு. அதுக்கு ‘ஏற்கெனவே உதவி வருபவர்’னு இருக்கணும். இப்ப உதவக் கூடாதுன்னு ஆர்டர். பின்ன எப்படிணே?”

அவர் என்னிடம் வேலை கற்றவர். நன்றாகவே கற்றிருந்தார்.

ஏப்ரலில் பள்ளிக்குப் போனேன், தலைமையாசிரியரைப் பார்க்கலாம் என்று. அவர் கூட்டத்தில் இருந்தார். கேண்டீனில் காத்திருந்தேன். கேண்டீனுக்கும் ஐந்தாம் படிவ வகுப்புக்கும் நடுவே ஒரு புல்தரை, ஒரு கொடிக்கம்பம். வகுப்பு கீழ்த்தளத்தில்தான், சன்னல் திறந்திருந்தது. சன்னலோரம் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் கரும்பலகைக்கு முகம் காட்டிக்கொண்டு பேசினார். அவர் உதட்டைக்கூட அவளால் பார்க்க முடியாது. பெண் சன்னல் வழியாகக் கேண்டீனைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

“என்ன கேக்குது?” என்றேன்.

கேண்டீன் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சைகை காட்டினார். காதைத் தொட்டு, கையை விரித்து, தலையை ஆட்டினார்.

“டீச்சர் என்ன சொல்றாங்கன்னு கேக்குறா. எனக்குக் காது கேக்கலன்னு சொன்னேன்.” அப்புறம், “இவ்வளவு தூரத்துல எப்படி ஐயா கேக்கும்?” என்றார்.

பெண் தலையசைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

இடைவேளையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். இருபது நிமிடம். அதற்குள் கேண்டீன் அக்கா முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். கல்லாவில் வரிசை நீள்கிறது என்று குத்தகைக்காரர் ஒரு நாள் சத்தம் போட்டார்; அவரைக் குறை சொல்ல முடியாது. இருவரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பும்போதும் பாடம் நடந்தது. ஆனால் இவர் வகுப்பில் இல்லை, பாடத்தைக் கேட்கவில்லை; நோட்டில் இருந்ததைப் படித்துக் காட்டினார். நோட்டில் இருந்ததை அந்தப் பெண்ணுக்கே படிக்கத் தெரியும்.

நான் நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினேன். முதல் நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல், ஒவ்வொன்றுக்கும் முந்தைய கடிதத்தின் குறிப்பு எண். மூன்றாவதில் நகல் வரியைப் போடாமல் விட்டேன். என் வாழ்க்கையில் நகல் வரி இல்லாமல் நான் அனுப்பிய முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். போடக் கை வரவில்லை. பலன் ஒன்றும் இல்லை. அதற்குள் கோப்பு மேலே போய்விட்டிருந்தது.

ஜூலையில் தகுதி பெற்ற ஒருவரை அனுப்பினார்கள். லூபோக் சீனா பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியை. மாநிலத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வாரத்தில் இரண்டு நாள் கார் ஓட்டிக்கொண்டு வந்தார். முதல் நாள் லாரிக்காரர் லீவு போட்டுவிட்டு வந்தார், என்னையும் கூப்பிட்டார். வகுப்பு வாசலில் நின்று பார்த்தோம். ஆசிரியை ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாக விரலில் கூட்டிக் காட்டினார். ஒரு வாக்கியம் முடிவதற்குள் பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. பெண் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், வயதானவர் பேசும்போது இடையில் எழுந்து போகக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை பார்ப்பது போல.

மணி அடித்ததும் ஆசிரியை நேராக எங்களிடம் வந்தார். தமிழர்தான். என் வயதைப் பார்த்து, “அங்கிள், நீங்க எஜுகேஷன் ஆபீஸ்ல இருந்தவங்கன்னு சொன்னாங்க,” என்றார். “ஒரு ஹெல்ப் செய்யுங்க. என் பேர அந்த லிஸ்ட்லேர்ந்து எடுக்கச் சொல்லுங்க. எட்டு வருசத்துக்கு முன்ன ரெண்டு நாள் கோர்ஸ் போனேன். சாப்பாடு நல்லா இருந்திச்சு. கம்ப்யூட்டர்ல டிக் போட்டுட்டாங்க. அதுலேர்ந்து நான் தகுதி உள்ளவ.”

“எடுக்கச் சொல்லி எழுதினீங்களா?”

“மூணு தடவ.”

லாரிக்காரர் மகளிடம் கையால் ஏதோ கேட்டார். அவருக்குத் தெரிந்தது வீட்டுச் சைகைகள்தான். சோறு, தூக்கம், பஸ், பத்திரம். மகள் ஒரு கையால் பதில் சொன்னாள். “என்னாங்குது?” என்று நான் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஏ, பி, சி, டின்னு காட்டுறா ஐயா,” என்றார்.

கேண்டீன் அக்கா ஆசிரியைக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அடுத்த வாரங்களில் இருவரும் இடைவேளையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சான்றிதழ் உள்ளவருக்குச் சான்றிதழ் இல்லாதவர் சைகை கற்றுக்கொடுத்தார். ஆசிரியை நோட்டில் படம் போட்டுக்கொண்டு நன்றாகவே முயன்றார். ஆகஸ்டு கடைசியில் அவருடைய சொந்தப் பள்ளி அவரைத் திருப்பிக் கேட்டது, அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பரில் மாதிரித் தேர்வு முடிவு வந்தது. முந்தைய ஆண்டு ஏழு பாடத்தில் தேறியிருந்த பிள்ளை இரண்டில் தேறியிருந்தாள். ஒன்று கணிதம். மற்றொன்று ஓவியம்.

அந்த வாரம் லாரிக்காரர் தனியாக வந்தார். உட்காரவில்லை.

“மலாக்கா டவுன்ல ஒரு கடையில பாக்கிங் வேலை ஐயா. பிஸ்கட், முறுக்கு. அவளே போறேன்னு சொல்லிட்டா.”

“பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான். எழுதட்டும். பேர் பதிஞ்சாச்சு.”

“நானும் சொன்னேன். கேண்டீன் தங்கச்சியக் கையால சொல்ல வச்சுத்தான் சொன்னேன். அங்க போயி சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்குறதுக்கு, இங்க டப்பாவப் பாத்துக்கிட்டு இருந்தா காசாவது வரும்குறா.” வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீங்க ஐயா. அத எல்லாருகிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்.”

எல்லோரிடமும் சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கேண்டீன் அக்கா அப்படிச் சொல்லவில்லை. ஜாசின் பாசாரில் ஒரு சனிக்கிழமை பார்த்தேன். இரண்டு கையிலும் பை. நானாகத்தான் பேச்செடுத்தேன், பயிற்சிக் கோரிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, நான் விடப்போவதில்லை என்றேன்.

“எழுதுங்க ஐயா,” என்றார். “உங்க சூராட்டுக்கு முந்தி என்னைய யாருக்கும் தெரியாது. அது நல்லா இருந்திச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. கத்திரிக்காயின் விலையைச் சொல்வது போலச் சொன்னார். பைகளை இறக்கி வைக்காமல் பேசியதுதான் என் மனதில் இருக்கிறது. கையை அசைக்காமல் அவர் பேசி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நான் என் பக்கத்து நியாயத்தை நிறைய யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பயிற்சி தேவைப்பட்டது. அதை அவரே கேட்டார். ஒப்பந்தத்தை நிச்சயதார்த்தமாகக் காட்டுகிற பெயர்ப்பாளரோடு ஒரு பிள்ளை தேர்வு எழுதக் கூடாது. விதி வேண்டும், தகுதி வேண்டும், தேர்வு வேண்டும். இதில் எதையும் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பிவிட்டுத்தான் தகுதியானவரைத் தேடத் தொடங்கினார்கள். எழுப்பியது என் கடிதத்தின் கடைசி வரி. தலைமையாசிரியர் தாளுக்குப் பயந்தது கோழைத்தனம் என்று அப்போது நினைத்தேன். நான்கு ஆண்டுகள் அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தது அந்தப் பயம்தான்.

நவம்பரில் தேர்வு தொடங்கியது. மண்டபத்தில் அவளுடைய எண் ஒட்டிய மேசையைப் போட்டிருந்ததாகவும், விதிப்படி ஒவ்வொரு தாளுக்கும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு ‘வரவில்லை’ என்று குறித்ததாகவும் மாவட்ட அலுவலகத் தம்பி சொன்னார். அதை அவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

எல்லாத் தாள்களும் முடிந்து, பள்ளி விடுமுறை தொடங்கிய பிறகு, தபால்காரர் ஒரு நீண்ட உறையைக் கொண்டுவந்தார். மாநில அலுவலகம். மார்ச் மாதக் கடிதத்தின் எண்ணையும் மூன்று நினைவூட்டல்களின் எண்களையும் பிழையில்லாமல் குறிப்பிட்டிருந்தார்கள். பயிற்சிக்கான விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. ஏழாவது பத்தியின்படி கல்வித் தகுதியில் விலக்கு அளிப்பதில் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபம் இல்லை. எனினும், மேற்படி பள்ளியில் தற்போது காது கேளாத மாணவர் எவரும் இல்லை என்பது பதிவேட்டிலிருந்து தெரிய வருவதால், பயிற்சிக்கான தேவை எழவில்லை. இவ்விவகாரம் முடிவுற்றதாகக் கருதப்படுகிறது. கீழே நகல் வரி: மாவட்ட அலுவலகம், பள்ளி, கோப்பு.

கடிதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மேசையில் உட்கார்ந்து தேதிச் சக்கரத்தைத் திருப்பினேன். முத்திரையை மையில் ஒற்றி, தாளின் வலது மேல்மூலையில் வைத்து, முட்டியால் ஒரு குத்து குத்தினேன். அந்தப் பெண் எனக்கு வைத்த பெயர் அது. எடுத்துப் பார்த்தேன். தெளிவாக விழுந்திருந்தது: பெறப்பட்டது, 11 டிசம்பர்.